பக்கத்து வீட்டு ஜெட் விமானம்

போன சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு போர் விமானத்தின் மேல் ஏறினார். பல்ப் மாற்ற ஏணியில் ஏறச் சொன்னாலே தலை சுற்றுகிறது என்பவர்!

மெல்பேணில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ரொன். தொழில், வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்துவது. பொழுதுபோக்கு... அவுஸ்திரேலிய விமானப்படை கழித்துவிட்ட வாம்பயர் ஜெட் ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றிவந்து, பின்வளவில் நிறுத்தியிருக்கிறார். மற்றவர்கள் ரோஜாச் செடி வைக்கிற இடத்தில்! இறக்கைகள் தனியே கராஜுக்குள் கிடக்கின்றன. அதைத் திருத்தி ஒருநாள் பறக்கவிட வேண்டும் — அதுதான் அவர் ஆசை.

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம் எங்களுக்கு நல்லதாக இல்லை. எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பேச ஆட்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த இவருக்கோ ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருந்து சுவரைப் பார்ப்பார்.

“என்ன யோசனை?”

“ஒண்டுமில்லை.”

வாரம் முழுக்க அந்த ஒரு சொல்தான். எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு மேலால் ரொன் இவரைக் கூப்பிட்டார்: “மேட், இந்தத் தகட்டைக் கொஞ்சம் பிடிக்கிறாயா?”

‘மேட்’ என்றால் இங்கே ‘நண்பா’. இவர் போய்ப் பிடித்தார். பொழுது சாயும்வரை வரவில்லை. வந்தவருக்குக் கையெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் பேச்சு!

“இஞ்சருமப்பா, அதின்ரை முன்பக்கம் முழுக்க மரம்! மரத்திலை ஜெட் செய்திருக்கிறாங்கள்!”

அன்றிலிருந்து சனி, ஞாயிறு என்றால் அங்கேதான்.

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே ஒரு நண்பரின் புல்வெளிக்கு விமானத்தை இழுத்துப் போய், சங்கிலியால் கட்டி, முதல்தடவையாக எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். ரொன் விமானத்துக்குள். இவர் வெளியே, சைகை காட்ட. ரொன்னின் மனைவி ஷேர்லி தீயணைக்கும் சிலிண்டருடன். நான் தேநீர்ப் பிளாஸ்குடன்.

முதல் முயற்சியில் எஞ்சின் பற்றவில்லை. அடுத்ததில் — குபீரென்று பின்னால் தீ! முதலில் எரியாமல் தேங்கிய எரிபொருளும் சேர்ந்து பற்றிக்கொண்டதாம். கீழே சிந்தியிருந்ததும் எரியத் தொடங்கியது. இவர் கையை ஆட்டினார். ரொன் எஞ்சினை நிறுத்திவிட்டார். ஆனால் ஆள் இறங்கவில்லை. இருக்கையோடு கட்டியிருந்த பட்டியின் கொக்கி கழலவில்லை!

அப்போதுதான் இவர் ஏறினார். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே கத்தினார் — தமிழில்!

“இறங்கடா! கெதியா இறங்கடா!”

ரொன்னுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விளங்கியது. கொக்கி கழன்றதும் இருவரும் குதித்துப் புல்லில் உருண்டார்கள். ஷேர்லி சிலிண்டரைத் திறந்து, தீ அடங்கும்வரை நுரையை அடித்தார்.

ரொன்னின் முழங்கையில் சிராய்ப்பு. விமானத்தின் அடியில் கரி. அவ்வளவுதான்! முழங்கைக்கு நான் கட்டுப் போட்டேன்.

“உன் புருஷன் மட்டும் இல்லையென்றால்...” என்று ஷேர்லி தொடங்கினார்.

“நன்றி நான்தான் சொல்ல வேணும், ஷேர்லி. அவர் திரும்பவும் பேசத் தொடங்கினதே உங்கடை வளவிலைதான்” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

புதிதாக ஒரு நாட்டுக்கு வருபவர்களுக்கு என்ன வேண்டும்? வேலை, வீடு என்கிறோம். சரிதான். ஆனால் ‘இதைக் கொஞ்சம் பிடி’ என்று உரிமையோடு கூப்பிட ஒரு ஆள்? அதை எந்த ஆபீஸில் போய்க் கேட்பது?

மறுநாள் ரொன் பெயின்ற் டின்னோடு வந்தார். விமானத்தைப் பார்த்துக்கொள்பவரின் பெயரை விமானி ஏறுகிற இடத்துக்குக் கீழே எழுதுவது விமானப்படை வழக்கமாம். இங்கே எல்லோருக்கும் இவர் வெறும் ‘டில்’தான். ரொன் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“முழுப் பெயர் வேண்டும். உங்கள் தமிழ் எழுத்தில்.”

நான் பெரிதாக எழுதிக் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுழியாகப் பார்த்துப் பார்த்து வரைந்தார்: தில்லையம்பலம்.

விமானம் பறக்குமா? தெரியாது... எழுத்துப்பிழை மட்டும் இல்லை!