நடக்காத கலியாணத்தின் விவாகரத்துத் தீர்ப்பு

குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் நெடுக்காக ஒரு நீல ஒட்டுநாடா. அதற்கு இடப்பக்கம் அண்ணையின் மீன்கறிச் சட்டியும் மிளகாய்த்தூள் போத்தலும். வலப்பக்கம் அக்காவின் வெண்ணெய், பாற்கட்டி, வினாகிரியில் ஊறிய வெள்ளரிக்காய். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நான் ஒண்டியிருந்த வீட்டில் இரு நாடுகளுக்கு இடையிலான எல்லைக்கோடு அந்த நாடாதான். இரண்டு நாடுகளிலும் விசா இல்லாமல் மேய்ந்தவன் நான்.

அண்ணை மன்னார்க்காரர். எனக்கு இரத்த உறவு எதுவும் இல்லை. அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர், அதனால் அண்ணை. அக்கா ஜெர்மன்காரி, அண்ணையைவிடச் சில வயது மூத்தவர், பாண் சுடும் கடையில் வேலை. அண்ணையைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற நேரத்தில், கடைக்கு வந்து போன பழக்கத்தில், ஒரு சதம் வாங்காமல் அவரைப் பதிவுத் திருமணம் செய்தவர். எங்கள் சனம் இதற்குக் 'கடதாசிக் கலியாணம்' என்று பெயர் வைத்திருந்தது. கடதாசிக்குள் நாலு வருடம் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று சனம் யோசிக்கவில்லை. அக்கா விரலால் மீன்கறி தின்னப் பழகினார். மூக்கு ஒழுக ஒழுக, "இன்னும் கொஞ்சம்" என்பார்.

அண்ணையின் விசா உறுதியானதும், முதலில் பேசியபடியே பிரிவது என்று முடிவாயிற்று. பேச்சு மாறாத மனிதர்கள் இருவர் சேர்ந்தால் எவ்வளவு அழிவு வரும் என்று அன்றுதான் கண்டேன். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தால்தான் விவாகரத்து; ஒரே வீட்டுக்குள்ளும் பிரிந்து வாழலாம், ஆனால் சமையலும் படுக்கையும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்றார் சட்டத்தரணி. வேறு யாரென்றால் தலையாட்டிவிட்டு வந்து ஒன்றாகச் சாப்பிட்டிருப்பார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமையில் வெற்றுப் போத்தலைக்கூடத் தெருத்தொட்டியில் போடாத மனுசி; சத்தம் போடக் கூடாத நாளாம். அன்று மாலையே நாடா வாங்கி வந்தார். பிறகு அந்த வருடம் முழுவதும் அண்ணை கறி வைக்கும்போது அக்கா சன்னலோரம் நின்று பாணில் வெண்ணெய் பூசித் தின்றார். கண் சட்டியில் இருக்கும். நானோ கறியையும் தின்றேன், வெண்ணெயையும் தின்றேன். சட்டம் பிரித்தது அவர்களைத்தானே, என்னை இல்லையே. ஒரு நாளாவது, "அக்கா, என்ரை கோப்பையிலை இருந்து கொஞ்சம் எடுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அந்த வயதில் எனக்குப் பசியைத் தவிர வேறு கொள்கை இருக்கவில்லை.

விவாகரத்து முடிந்து, அண்ணையும் நானும் ஹம் நகரத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனோம். அக்காவுக்கு நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை போட வேண்டும் என்று ஒவ்வொரு நத்தாருக்கும் பேசிக்கொண்டோம். பேச்சோடு சரி.

சில வருடங்களில் அண்ணைக்குக் கலியாணம் சரிவந்தது. பெண்ணும் மன்னார், ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அண்ணை முன்பு மணம் முடித்தவர் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய நேரத்தில் அண்ணைக்கு இருமல் வந்துவிடும். பதிவு அலுவலகம் விவாகரத்துத் தீர்ப்பைக் கேட்டது. கத்தோலிக்கத் தமிழ்ச் சுவாமியாரும் கேட்டார். அண்ணையிடம் இருந்த பிரதி வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

"இதிலை ஒரு சிக்கலும் இல்லை," என்றார் சுவாமி. "முதல் கலியாணம் கோயிலிலை நடக்கேல்லை. அப்ப திருச்சபையின்ரை கண்ணுக்கு அது கலியாணமே இல்லை. ஒரு தாளிலை கையெழுத்து வைச்சால் போதும். தீர்ப்பை மட்டும் கொண்டுவாங்கோ."

நடக்காத ஒன்று முடிந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணை சிரிக்கவில்லை.

"கலியாணமே இல்லையோ, சுவாமி?"

"இல்லை."

"நாலு வருசம், சுவாமி."

"ஓம். எண்டாலும் இல்லை."

நீதிமன்றத்துக்கு நான்தான் கடிதம் எழுதினேன். வழக்கு எண் இல்லாமல் தேடுவது கடினம், அடையாள அட்டையோடு நேரில் வந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

"அக்காட்டை வழக்கு எண் இருக்கும். ஒரு போன் எடுங்கோவன்," என்றேன்.

"ஏலாது."

"ஏன்?"

"என்னெண்டு கேக்கிறது? உம்மை விட்ட கடதாசி துலைஞ்சு போச்சு, எண்ணைச் சொல்லும் எண்டோ?"

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வுப்பர்டாலுக்கு ரயில் ஏறினோம். வழி முழுவதும் நான் அண்ணைக்கு ஆலோசனை வழங்கினேன். புத்தகம் படித்தவனுக்கு அந்த வியாதி உண்டு.

"பெட்டைக்குச் சொல்லத் தேவையில்லை அண்ணை. திருச்சபையே இல்லையெண்டு சொல்லுது. இல்லாததை என்னெண்டு மறைக்கிறது?"

"பதிவு அலுவலகத்திலை சத்தமா வாசிப்பினமே."

"ஜெர்மனிலைதானே வாசிப்பினம்."

"அவ உன்னைவிட நல்லா ஜெர்மன் கதைப்பா, விசரா."

குடும்ப வழக்குகளுக்கான அலுவலகத்தில், கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு பெண் இருந்தார். எந்த வருடம் என்று கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நாடா ஒட்டிய குளிர்காலம் நினைவிருந்ததே தவிரத் தீர்ப்பின் திகதி நினைவில்லை. அந்தப் பெண் பெருமூச்சு விட்டு, பெயர்ப் பதிவில் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே போய் ஒரு கோப்போடு வந்தார். பிரதி எடுத்து, தீர்ப்பு இறுதியானது என்ற முத்திரையையும் குத்தித் தந்தார். அவர் காட்டிய பொறுமைக்கு நாங்கள் தகுதியானவர்கள் அல்ல.

வெளியே வந்து படியில் நின்றபடியே, "வாசி," என்றார் அண்ணை.

மொழிபெயர்த்து வாசித்தேன். "பதிவாளர் முன்னிலையில் இரு தரப்பினரும் செய்துகொண்ட திருமணம் முறிக்கப்படுகிறது."

"முறிக்கிறதை விடு. முன்னுக்கு என்ன கிடக்கு?"

"செய்துகொண்ட திருமணம்."

"திருமணம் எண்டுதான் போட்டிருக்கோ? வடிவாப் பார்."

"ஓம் அண்ணை. அப்பிடித்தான் கிடக்கு."

தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். விவாகரத்துத் தீர்ப்பைத் திருமண அத்தாட்சியாக வாங்கிக்கொண்டு போன ஒரே மனிதரை நான் கண்டிருக்கிறேன். அவருடைய நாலு வருடத்தை நடந்தது என்று ஒப்புக்கொள்ள உலகத்தில் அந்தத் தாள் ஒன்றுதான் இருந்தது. அந்த வீட்டில் கூட இருந்து தின்ற நானே சற்று முன்புவரை இல்லை என்று வாதாடிக்கொண்டு வந்தவன்.

ஹம்முக்குத் திரும்பியதும் அண்ணை வீட்டுக்குப் போகவில்லை. முதியோர் இல்லத்து வாசலுக்குப் போய் அவள் வேலை முடிந்து வரும்வரை நின்றார். நானும் நின்றேன். என் ஆலோசனை தோற்கிறதைப் பார்க்க ஆள் வேண்டாமா.

அவள் வந்தாள். அண்ணை ஒரு சொல்லும் சொல்லாமல் தாளை நீட்டினார். அவள் முதல் வரியிலிருந்து முத்திரை வரை ஆறுதலாக வாசித்தாள். கலியாணம் நடக்குமா குழம்புமா என்று அண்ணை அவள் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடதாசிக்கோ, உண்மைக்கோ?" என்று கேட்டாள்.

"கடதாசிக்குத்தான் துவங்கினது."

அவள் தாளில் 'மனைவி' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். "இவவுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"என்னத்தை?"

"நீங்கள் கலியாணம் கட்டப் போறதை."

அண்ணைக்கு இருமல் வந்தது. நான் குறுக்கே விழுந்தேன். "அதுக்குச் சட்டப்படி ஒரு தேவையும் இல்லைத் தங்கச்சி."

"நான் சட்டம் கேக்கேல்லை அண்ணை. கேக்கேக்கை சொல்லுங்கோ," என்று என் வாயை அடைத்துவிட்டுத் தாளை அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு முதலே சொல்லியிருக்க வேணும். அந்தக் கோவம் எனக்கு இருக்கு, கனநாளைக்கு இருக்கும். ஆனால் முதல் அவவிட்டைப் போவம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை."

இன்று எனக்கு வீடு இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, அதன் எல்லாத் தட்டும் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போத்தல் போடுவதில்லை. யாருடைய தட்டில் எவ்வளவு தின்றோம் என்ற கணக்கை நான் தொடங்கியதே அந்த ஞாயிறுக்குப் பிறகுதான். அது இன்னும் முடிந்தபாடில்லை. மூவரும் அக்கா வீட்டுக்குப் போன அந்த நாளில் அக்காவின் முகத்தைவிடத் தெருவாசலில் இருந்த அழைப்புமணிப் பலகைதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. ஜெர்மன் பெயர்களுக்கு நடுவில், பித்தளைத் தகட்டில், மன்னார்க் கடலில் வலை வீசிய ஒரு மனிதருடைய பெயர். அண்ணையின் அப்பாவின் பெயர். கலியாணத்தோடு அக்காவுக்கு வந்த குடும்பப் பெயர் அது. விவாகரத்துக்குப் பிறகு மாற்றியிருக்கலாம், அக்கா மாற்றவில்லை.

அண்ணை பலகையைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். கை எழும்பவில்லை. அவள் குனிந்து அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

"மாமாவின்ரை பேரெல்லே?" என்றாள்.

அண்ணை தலையாட்டினார்.

"அப்ப நான் ரெண்டாவது மருமகள்," என்று சொல்லிவிட்டு மணியை அழுத்தினாள்.