தட்டு விழுந்ததும் திரும்பினாள்

என் மகளுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. அதில் முதல் ஆறு மாதம் நான் வடிகட்டின முட்டாளாக இருந்தேன்.

நசரத்பேட்டையில் எங்கள் வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். இவள் மட்டும் அசையாமல் தூங்குவாள். குக்கர் விசிலுக்கும் சிணுங்க மாட்டாள். 'என் பிள்ளை செம கூல்' என்று வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். கூடப் படித்தவள் ஒருத்தி, தன் பையன் சாவி விழுந்தாலே எழுந்துவிடுகிறான் என்று புலம்பியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் பாயில் குப்புறக் கிடந்தவளைப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்தினேன். துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மாமியாரிடம் போய்ச் சொன்னேன்.

"காது கேக்கலியா? இப்ப பாரு." எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். பிள்ளை டக்கென்று திரும்பியது. "பாத்தியா? சும்மா போன நோண்டிகினு இல்லாததெல்லாம் நெனச்சுகினு கீற."

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டு வித்தை ஆகிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் தட்டைப் போட்டுக் காட்டினோம். நானும் போட்டேன்.

ஏழாம் மாதம் காய்ச்சலுக்குப் போனபோது டாக்டரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தரை அதிர்ந்தா யாருதாம்மா திரும்ப மாட்டாங்க?"

தூங்கவைத்து டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதிலும் குறை.

ஒன்பதாம் மாதம் காதுகளில் மெஷின் வந்தது. மாட்டிய அன்று அவள் ஒரு சத்தம் போட்டாள். தன் குரலைத் தானே கேட்டு வாயை மூடிக்கொண்டாள். மறுபடி கத்தினாள், மறுபடி மூடினாள். அரை மணி நேரம் இதே வேலை. இந்த வருஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து பிடுங்கி எறிய ஆரம்பித்தாள். அரிசி டப்பாவில் இருந்தெல்லாம் எடுத்திருக்கிறேன். நான் மாட்டுவேன், அவள் பிடுங்குவாள்.

இந்த நேரம் பார்த்து மாமியார் முதல் பிறந்தநாளுக்குக் காதுகுத்து வைத்தார். பாரிவாக்கம் அம்மன் கோயிலில் மொட்டை, தாய்மாமன் மடியில் காதுகுத்து. அவர்கள் குடும்பத்தில் இது மாறியதே இல்லை. மெஷின் பழகும்வரை காதில் புண் எதுவும் வேண்டாம் என்று டெஸ்ட் எடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். காது வீங்கினால் மெஷினைக் கழற்றி வைக்க வேண்டும். பழகியதெல்லாம் போய்விடும். நான் முடியாது என்றேன்.

"காது குத்தாத பொண்ணா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"காது கேக்காத பொண்ணுன்னு பேசறதுக்கு இது பரவால்ல அத்த."

கணவன்தான், "வுடும்மா, அடுத்த வருசம் குத்திக்கலாம்" என்றான். மாமியார் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

மொட்டைக்கு என் அண்ணன் கம்மல் டப்பாவோடு வந்துவிட்டான்.

"இன்னா மச்சான், குத்தலியா? அப்ப கம்மல நான் போட்டுக்கவா?"

"போட்டுக்க மாமே," என்றான் கணவன். "அப்பயாவது ஒரு பொண்ணு உன்ன திரும்பிப் பாக்குதான்னு பாப்போம்."

மாமியார் சிரிக்கவில்லை.

மெஷினைக் கழற்றி அண்ணன் மடியில் உட்காரவைத்து மொட்டை அடித்தோம். அவள் அழவே இல்லை. சந்தனம் பூசி, காதைத் துடைத்து, மெஷினைத் திரும்ப மாட்டினேன். அவளுக்குப் பின்னால் பூசாரி கற்பூரம் ஏற்றிக் கைமணியை ஆட்டினார்.

உடம்பு தூக்கிப் போட்டது. முகம் கோணியது. பிறகு ஓவென்று ஒரு அழுகை.

மாமியார் தட்டுத்தடுமாறி ஓடினார். "யோவ் பூசாரி, மணிய நிறுத்துய்யா! புள்ள பயப்புடுது!"

பூசாரி ஒரு கையில் கற்பூரமும் இன்னொரு கையில் மணியுமாக அப்படியே நின்றார். மாமியார் என் பக்கம் திரும்பினார். நாலு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"இன்னாமே, மரம் மாதிரி நின்னுகினு கீற? தூக்கு புள்ளய!"

"தூக்கறேன் அத்த" என்றேன். தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று இருந்தது.