இட்லிக்காரர் இறங்கிய தண்ணீர்

“பொதுச் சுகாதாரத்தை முன்னிட்டு, வெளியிலிருந்து வரும் இட்லி வியாபாரிகள் இன்று முதல் கேட்டுக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.” ஆவணி பிறந்த பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் இந்த நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கி என் நோட்டில் எழுதிக்கொண்டேன். கீழே குடியிருப்போர் சொசைட்டி செக்ரட்டரியின் கையெழுத்து. வியாபாரிகள் என்று பன்மையில் போட்டிருந்தார். எங்கள் கட்டடத்துக்கு வருகிற இட்லிக்காரர் ஒரே ஒருவர்தான்.

நோட்டு எழுதுவது என் நாற்பது வருஷப் பழக்கம். மழை தொடங்கிய நேரம், பால் வராத நாள், லிஃப்ட் நின்ற நாள், எல்லாம் அதில் உண்டு. அந்த நோட்டீஸுக்கு முந்தின பதினாறு நாள் கணக்கும் அதில் இருக்கிறது.

ஆடி மாதக் கடைசிச் செவ்வாய். முந்தின நாள் முழுக்கப் பெய்த மழையில் எங்கள் காம்பவுண்டில் முழங்கால் தண்ணீர். காலை ஏழு மணிக்கு இட்லிக்காரர் தாராவியிலிருந்து அந்தத் தண்ணீரில்தான் நடந்து வந்தார். தலையில் அலுமினிய அண்டா, கையில் சாம்பார் வாளி, வாளிப் பிடியில் கட்டிய ரப்பர் ஹார்ன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மனைவி மாவரைத்து அவித்துக் கொடுக்க, பதினாலு வருஷமாக எங்கள் படிகளில் ஏறி இறங்குகிறவர்.

பம்ப் ரூமுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் கெட்டால் மாடிகளில் குடிநீர் கிடையாது. வாட்ச்மேன் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். முதல் மாடி பால்கனியிலிருந்து செக்ரட்டரி கூப்பிட்டார்.

“ஏய் இட்லி! அந்தச் சந்துல சாக்கடை அடைச்சுண்டிருக்கு. கொஞ்சம் கிளறி விட்டுட்டுப் போயேன். உனக்குப் பழக்கம்தானே?”

“சாக்கடை வாரத்தான் பம்பாய்க்கு வந்தேனா சார்?” என்று சிரித்துக்கொண்டே அண்டாவைப் படியில் இறக்கி வைத்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். இறங்கினார்.

அந்தச் சந்து எங்கள் கட்டடத்துக்கும் பின் கட்டடத்துக்கும் நடுவில் இருப்பது. மிஞ்சின சோறு, காய்த்தோல், ஊசிப்போன சாம்பார், எல்லாவற்றையும் சமையலறை ஜன்னல் வழியாக அங்கேதான் வீசுகிறோம். எங்கள் எலிகள் எங்கள் சோற்றைத் தின்று வளர்ந்தவை. இருபது நிமிஷம் அந்தத் தண்ணீரில் குனிந்து கையாலேயே குப்பையை வாரி வெளியே போட்டார். மழைக்காலத்தில் அவர் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அடைப்பு விட்டுத் தண்ணீர் சுழித்து இறங்கியது. செக்ரட்டரி வீட்டம்மாள் எட்டு இட்லி கேட்டாள். “நன்னா கை அலம்பிண்டு குடு” என்றாள்.

நோட்டில் எழுதியிருக்கிறேன்: “ஏழே கால். இட்லிக்காரர் சந்தில் இறங்கினார். தண்ணீர் முழங்கால். செத்த எலி இரண்டு மிதந்தன.” அதற்குக் கீழே அன்றைய பேப்பரிலிருந்து வெட்டிய ஒரு துண்டையும் ஒட்டியிருக்கிறேன். மழைத் தண்ணீரில் நடந்தவர்கள், முக்கியமாகக் காலில் புண் உள்ளவர்கள், உடனே டாக்டரைப் பார்த்து எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மாத்திரை கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. வெட்டினேன், கோந்து தடவினேன், ஒட்டினேன். கீழே போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செக்ரட்டரி மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான்.

எட்டு நாள் கழித்து, புதன்கிழமை, ஹார்ன் சத்தம் இல்லை. வியாழன், வெள்ளியும் இல்லை. சனிக்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் இன்னொரு இட்லிக்காரரைப் பிடித்துக் கேட்டேன். “காய்ச்ச சார். கெண்டக்காலு வலின்னு எந்திரிக்கவே மாட்டேங்கான்” என்றார். வழி கேட்டுக்கொண்டு போனேன்.

ஒரே அறை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்திலேயே படுத்திருந்தார். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றாள் மனைவி. டாக்ஸி பிடித்து மூன்று பேரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஹிந்தியில் முதலில் கேட்டதே, மழைத் தண்ணீரில் இறங்கினாரா என்றுதான்.

“இல்ல” என்றாள் மனைவி. அவரும் படுத்தபடியே தலையை ஆட்டினார்: இல்லை.

டாக்டர் மலேரியா டெஸ்ட் எழுத ஆரம்பித்தார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். “இறங்கினார். செவ்வாய்க்கிழமை. பதினோரு நாள் முன்னால். முழங்கால் தண்ணீர், இருபது நிமிஷம், எலி மிதந்த தண்ணீர்” என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்தினார். இட்லிக்காரரின் கால்விரல்களை விரித்துப் பார்த்தார். அப்போதே ஊசி மருந்து ஏற்றச் சொல்லிவிட்டு, ரத்தம் எடுத்து அனுப்பினார்.

வராந்தாவில் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். “எதுக்கு சார் சொன்னிய? எலின்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா எவன் சார் எங்க இட்லிய வாங்குவான்?”

“ஆள் போயிட்டா இட்லி எங்கம்மா?”

“ஆளு இருந்தும் இட்லி இல்லன்னா?”

அவித்த இட்லியில் அந்த நோய் வராது, அது மனுஷனிடமிருந்து மனுஷனுக்குத் தொற்றுவது அபூர்வம் என்று நான் படித்ததைச் சொன்னேன். “உங்க பில்டிங்குல போய்ச் சொல்லுங்க” என்றாள்.

போய்ச் சொன்னேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. ரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியாகி, சிறுநீரகமும் தேறி, ஆபத்து நீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன புதன்கிழமை சாயங்காலம், லிஃப்டில் செக்ரட்டரியைப் பார்த்தேன். அவருக்கு உறைக்க வேண்டும் என்றே சொன்னேன்: “நம்ம சந்துத் தண்ணியில எறங்கினவருக்கு எலிக்காய்ச்சல். பிழைச்சது பெரிசு.” அவர் “அடப் பாவமே” என்றார். மறுநாள் காலை நோட்டீஸ்.

செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டேன். “அவர் நம்ம எலியால படுத்திருக்கார். நீங்க அவரை எலி மாதிரி வெளியில நிறுத்தறேளா?”

“தாராவிலேர்ந்து வரான் சார். அங்கே இல்லாத எலியா? நம்ம சந்துன்னு எப்படிச் சொல்றேள்? ப்ரூஃப் இருக்கா?”

இருக்கிறது என்று செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் நகலெடுத்து நோட்டீஸுக்குக் கீழே ஒட்டினேன். யாரோ கிழித்தார்கள். மறுபடி ஒட்டினேன். மூன்று முறை.

ஒரு மாதம் கழித்து ஹார்ன் சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். பாதியாய் இளைத்திருந்தார், அண்டாவும் சிறியது. வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைப் பிடித்திருந்தான். நான் ஒட்டியிருந்ததைப் பற்றி அவனே அவரிடம் சொல்லியிருக்கிறான்.

“அத எடுத்துருங்க சார்” என்றார் இட்லிக்காரர்.

“உம்ம பக்கம்தானய்யா எழுதியிருக்கேன்!”

“தெரியும் சார். ஆனா படிக்கிறவன் என்னத்தப் படிப்பான்? இட்லிக்காரன், எலி, ரெண்டையுந்தான் படிப்பான்.”

உள்ளே போய்க் கிழித்தேன். செக்ரட்டரியின் நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. சந்தில் சோறு விழுவதும் நிற்கவில்லை. நான் தினமும் பாத்திரத்தோடு கேட்டுக்கு வெளியே போய் வாங்குகிறேன். எங்கள் கட்டடத்திலிருந்து வருகிறவர்கள் இப்போதைக்கு மூன்று பேர்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாராவியில் அவர் வீட்டுச் சந்திலும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதாம். அவர் மனைவியே சொன்னாள். நோயைக் கொடுத்தது எங்கள் தண்ணீரா, அந்தத் தண்ணீரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அது இன்றுவரை உறுதியாகவில்லை.