திரைக்குள் நீண்ட கை

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அந்தக் கோடையில் ராயபுரம் கடலோரக் குப்பத்தில் காலரா புகுந்தது. அங்கே ஹெல்த் விசிட்டராக இருந்த என்னைத் தடுப்பூசிக் கொட்டகைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். மேலிடத்து உத்தரவு இதுதான்: ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கே ரேஷன் அரிசி. ஊசி போட்டதும் கையில் ஒரு தகர வில்லை கொடுப்போம். கடையில் அதைக் காட்டினால்தான் அரிசி அளப்பார்கள்.

ஆண்கள் வந்தார்கள். பெண்கள் வரவில்லை. பெரம்பூரிலிருந்து வந்த கம்பவுண்டர் முன்னால் ரவிக்கைக் கையை உயர்த்த அவர்களுக்குக் கூச்சம். நான் ஒரு படுக்கை விரிப்பைக் குறுக்கே கட்டி, கை நுழையும் அளவுக்கு அதைக் கிழித்துவிட்டேன். கை மட்டும் உள்ளே போகும், ஊசி ஏறும், உள்ளங்கையில் வில்லை விழும். முகம் தெரியாது. பெண்கள் வரிசை தெருமுனை வரை நீண்டது. மேலதிகாரி வந்து பார்த்து, மற்றக் கொட்டகைகளிலும் இப்படியே கட்டச் சொன்னார். கொட்டகையைக் கம்பவுண்டரிடம் விட்டுவிட்டு, நான் கிணறு கிணறாக மருந்து போடப் போனேன்.

பக்கத்து வீட்டு மீன்காரப் பெண் முழுகாமல் இருந்தாள். ஊசி போட்டால் வயிற்றில் தங்காது என்று அழுதுகொண்டிருந்தவள். ஒன்றும் ஆகாது என்று நான் பலமுறை சொல்லியிருந்தேன். அன்று மாலை, ஊசி போட்டுக்கொண்டாயா என்று அவளைக் கேட்டேன்.

"அதெல்லாம் ஆச்சுக்கா. இந்தா பாரு வில்லை. இன்னாக்கா நீ, வூட்டாண்ட வந்தும் ஆபீசரா?" என்று சிரித்தாள்.

என் பேச்சு எடுபட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தால் என் மகள் பாயில் சுருண்டு கிடந்தாள். பன்னிரண்டு வயது. உடம்பு அனலாகக் கொதித்தது. வாந்தி உண்டா, பேதி உண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். தூக்கி உட்காரவைக்கத் தோளைப் பிடித்ததும் அலறினாள். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தேன். இரண்டு கைகளும் சிவந்து வீங்கியிருந்தன. ஊசிப் புள்ளிகளை எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

"யாருடி போட்டது?"

"கம்பவுண்டருதாம்மா. கையை நீட்டினா போட்டுடுவாரு."

"எதுக்கு இத்தனை?"

"பக்கத்து வூட்டு அக்காவுக்கு, எதிர் வூட்டு அத்தைக்கு... அவங்களுக்கு பயமா கீதாம். ரேஷன் கியூல நாம அவங்களுக்காக நிக்கறோம் இல்ல? அதுமாதிரிதாம்மா."

எங்கள் தெரு அப்படித்தான். குழாயடியோ ரேஷன் கடையோ, கை ஒழிந்தவர் மற்றவருக்கும் சேர்த்து நிற்பார். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஆனால் ஊசி வரிசையிலும் ஒருத்தி இன்னொருத்திக்காக நிற்க முடியும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அந்தக் குழந்தைக் கை திரும்பத் திரும்ப உள்ளே வந்திருக்கிறது. வரிசையின் அவசரத்தில் கம்பவுண்டர் கையை உற்றுப் பார்க்கவில்லை, வெளியே இருந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் அவளைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார். ஜுரம் இறங்குகிறதா பார்ப்போம் என்றார். நான் ஜெபம்கூட மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவள் பிழைப்பாளா என்று ஒரு பயம். ஊசியே போடாமல் வில்லையோடு திரியும் பெண்கள் எத்தனை பேரோ என்று இன்னொரு பயம்.

ஜுரம் இறங்கிய அன்று காலை கொட்டகைக்குப் போய் விரிப்பை அவிழ்த்தேன்.

"நல்லாத்தானேம்மா போய்க்கினு இருந்துது?" என்றார் கம்பவுண்டர்.

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். வில்லையை மேஜைமேல் வைத்துவிட்டு, முக்காட்டை இறக்கி, கையை நீட்டினாள்.

"நீயே போடுக்கா. உம் பொண்ணு கையி... தாங்காதுக்கா."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டேன்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். குழாயடியில் யாருக்காவது குடம் வைத்து நிற்கிறாள். பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய் அவள் சட்டைக் கையை ஏற்றிப் பார்க்கிறேன். "விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்கிறாள்.