பத்தோரி கப்பலுக்குத் திரும்பாத ஏவா

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை ஹனோவரிலிருந்து ஹம்பேர்க் போய்வந்தேன். வீட்டில் துறைமுகம் பார்க்கப் போவதாகச் சொன்னாலும், உண்மையில் ஏவாவுக்குத் துணையாகத்தான் போனேன். ஏவா என்னோடு வைத்தியசாலையில் வேலை செய்யும் போலந்துக்காரர்.

விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். நாங்கள் விரைவு ரயிலுக்குச் செல்லாத மாதச் சீட்டில் போனதால் ஊர் ஊராக நின்று, யூல்சனில் மாறி, மூன்று மணி நேரம் வரை எடுத்தது. கதைக்க நல்ல வசதி.

எண்பதுகளில் கம்யூனிச ஆட்சியிலிருந்த போலந்தைவிட்டு வெளியேறுவது லேசில்லை. 'ஸ்தெபான் பத்தோரி' என்ற பயணிகள் கப்பல் பலருக்கு வழியாக இருந்தது. நெதர்லாந்தில் கட்டிய அதைப் போலந்து வாங்கி, அட்லாண்டிக்கைக் கடந்து மொன்றியல்வரை ஓடவிட்டது. (அதற்கு முந்திய பத்தோரி ஐம்பதுகளில் பம்பாய்க்கும் ஓடியதாம்!) இடையிடையே உல்லாசப் பயணமும் போகும். அப்படி ஹம்பேர்க்கில் நின்றபோது ஊர் பார்க்க இறங்கிய பலர் திரும்பி ஏறவில்லை. இருபத்திரண்டு வயது ஏவாவும் அவர்களில் ஒருவர். ஒரே அறையில் வந்த சிநேகிதி தனுத்தாவிடம்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் பிறகு பொலிஸ் தனுத்தாவைத்தான் குடையும்.

அந்தத் தனுத்தா இப்போது ஹம்பேர்க்கில் மகளிடம் வந்திருந்தார். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் சந்திப்பு.

"பயமாக் கிடக்கு. கோவிச்சாளெண்டா?" என்றார் ஏவா. (பேசியது ஜேர்மன், எனக்குக் கேட்டது நம்முடைய தமிழில்.)

"கோவமெண்டா வரச்சொல்லியிருப்பாவே?" என்றேன்.

லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் ஒரு குள்ளமான பெண் நேராக எங்களிடம் வந்து போலிஷில் ஏதோ கேட்டார். ஏவா அழுகையும் சிரிப்புமாக மொழிபெயர்த்தார்.

"சப்பாத்து வாங்க இவ்வளவு நேரமே?"

சப்பாத்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அன்று ஏவா கப்பலிலிருந்து இறங்கினாராம்.

"உனக்குச் சொல்லேலாமப் போச்சு," என்றார் ஏவா.

"சப்பாத்து வாங்கப் போறவள் ஏன் ரெண்டு சுவெற்றரை ஒண்டுக்கு மேல ஒண்டு போடுறாள்? எனக்கு அப்பவே விளங்கிட்டுது. ஆர் கேட்டும் நான் வாய் திறக்கேல்லை. அண்டைக்கு உன்ரை சாப்பாட்டையும் நான்தான் சாப்பிட்டனான்!"

இருவரும் கட்டிப்பிடித்ததில் படகு ஏற நின்ற வரிசையே நகராமல் நின்றுவிட்டது.

போகிறவர்களுக்கு: துறைமுகத்தினூடாக ஓடும் 62ஆம் இலக்கப் படகுக்கு மாதச் சீட்டே போதும். மேல்தட்டில் குளிரும். மீன் பணிஸை மறைத்து வைத்துச் சாப்பிடுங்கள்; என்னுடையது ஒரு கடற்பறவைக்குப் போய்விட்டது. பத்தோரியைத் தேடாதீர்கள், துருக்கியில் எப்போதோ உடைத்துவிட்டார்கள்.

நாங்கள் ஃபிங்கன்வேர்டர் வரை அரை மணி நேரம் போய், அடுத்த படகில் திரும்பினோம். நான் கோப்பி குடிக்க இறங்கினேன். அவர்கள் கதைத்தபடியே படகில் மறுபடியும் போனார்கள். மூன்று மணி ரயிலை விட்டோம், அடுத்ததையும் விட்டோம். கவலை வேண்டாம், மணிக்கொரு ரயில் இருக்கிறது.