ரவுண்டானாவில் நான் போட்ட லைட்

நம் ஊரில் எதிரே வருகிறவனுக்கு லைட் போட்டால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் தம்பி முப்பது வருடம் இங்கிலாந்தில் கார் ஓட்டியவன். அங்கே லைட் போட்டால் 'நான் நிற்கிறேன், நீ போ' என்று அர்த்தமாம். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியவந்தபோது அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அவன் மனைவி இறந்துபோன பிறகு இங்கேயே இருந்துவிடுவதாக வந்தவன். தினமும் காலையில் ஸ்கூட்டரில் சேரன்மகாதேவி போய் ஆற்றில் குளித்துவிட்டு வருவான். அன்று அவன் திரும்பி வந்துகொண்டிருந்தான். நான் காரில் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சாலைக்குத் திரும்புவதற்காக அவன் ரவுண்டானாவைச் சுற்றி என் வலப்பக்கம் வந்தான். என்னைப் பார்த்தான். நான் இரண்டு தடவை லைட் போட்டேன். அவன் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு என் முன்னால் வந்தான். அந்தக் கையை நான் பார்த்தேன். நின்றுவிடுவான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். பிரேக்கில் கால் வைக்கவில்லை.

கூட்டம் கூடியதும் தீர்ப்பும் கூடிவிட்டது. ஓர் ஆட்டோக்காரர்தான் முதலில் சொன்னார்: "அண்ணாச்சி மேல தப்பே இல்ல வே. நேரா வாரவுகளுக்குத்தான் வழி. சுத்துதவன்லா பாத்து வரணும்?"

"லைட் வேற போட்டேன்" என்றேன் நான்.

"பொறவென்ன! ஏலே, இவரு யாருன்னு பாரு, அண்ணாச்சிக்குத் தெரிஞ்சவரா?"

"என் தம்பி."

"வெளங்கும்! வீட்டுல இடிச்சிக்கிட்டது பத்தலையாக்கும்?" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். பிறகு அவரேதான் தம்பியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் தம்பி என்னிடம், "நீங்க லைட் போட்டிய, என்னையப் போகச் சொல்லுதியன்னு நெனச்சேன்" என்றான். "இங்க அப்படி இல்லப்பா" என்றேன். அவன் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அங்கன பழகிட்டு இங்கன ஓட்டலாமா, வயசென்ன ஆச்சு, கண்ணு சரியில்லை போல. லண்டனில் இருக்கும் அவன் மகளுக்குச் செய்தி போயிற்று. அப்பாவை இனி அங்கே தனியாக விடமுடியாது, கால் கூடியதும் கூட்டிக்கொள்கிறேன் என்று டிக்கெட் எடுத்துவிட்டாள்.

அந்த வாரமே நான் சாலை விதிப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். தெரிந்துகொள்ள அல்ல. என் பக்கம்தான் நியாயம் என்பதைத் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். 'ரைட் ஆஃப் வே' என்றால் வழியில் எனக்குள்ள உரிமை என்று நாற்பது வருடமாக அர்த்தம் பண்ணி வைத்திருந்தேன். அந்த உரிமை யாருக்கு என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். எங்குமே இல்லை. யாருக்கும் அப்படி ஒன்றை அதில் கொடுத்திருக்கவில்லை. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றி வருகிறவர்களுக்கு, அதாவது வலப்பக்கம் வருகிற வண்டிகளுக்கு, உள்ளே நுழைகிறவன் வழிவிட வேண்டும். எனக்கு ரைட் என்றால் உரிமை. புத்தகத்தில் அது வெறும் வலப்பக்கம்.

லைட்டுக்கு எந்த ஊரில் என்ன அர்த்தமாக இருந்தாலும் அன்று நிற்க வேண்டியவன் நான்.

புத்தகத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. ஊரே எனக்குச் சாதகமாக இருந்தது. அதை எதற்குக் கெடுப்பானேன் என்று இருந்தேன். இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது தம்பி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இன்னொரு கண் டாக்டரையும் பாத்துட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்போ மூளைதான்போல" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான்.

"இது எப்போ வாங்குனது?"

சொன்னேன்.

"மூணு மாசமா என் கண்ண நானே நம்பாம உக்காந்திருக்கேன். உங்க வாயில இது வரலையோ?"

அவன் மகளுக்குப் போன் போட்டான். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று போனை நீட்டினான். சொன்னேன். முதலில் அவள் நம்பவில்லை. "அப்பாவ அங்க வச்சுக்கணும்னு இப்படிச் சொல்லுதியளா பெரியப்பா?" என்றாள். ரவுண்டானா, வலப்பக்கம், லைட், தூக்கிய கை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "உள்ள இருக்கவங்களுக்குத்தானே வழி விடணும்? இது தெரியாமலா இத்தன வருஷம் ஓட்டுனிய?" என்றாள். ஆமாம் என்றேன்.

அவன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். என்னிடம் சொல்லவில்லை, மகளிடமிருந்து தெரிந்துகொண்டேன். ஸ்கூட்டரை மட்டும் தொடுவதில்லை. காலையில் ஆற்றுக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். ரவுண்டானா வாசலில் சுற்றுகிற வண்டிகளுக்காக நிற்கிறேன். பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கும். பைக்கில் வருகிற ஒருவன் பக்கத்தில் வந்து, "பெருசு, வண்டி நின்னுபோச்சா? தள்ளணுமா?" என்பான்.

"சுத்துத வண்டி போவட்டும்ப்பா."

"அதெல்லாம் நிக்கும் வே, நீரு போவும்!"

அவன் சொல்வது உண்மைதான். சுற்றி வருகிறவர்களே என் காரைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். நான் போகச் சொல்லிக் கைகாட்டினால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். லைட் போட்டால் இன்னும் மோசம். இந்த ஊரில் வழிவிடுவதற்கு ஒரு சைகைகூட என்னிடம் மிச்சமில்லை. எல்லாரும் நிற்க, எல்லாரும் ஹார்ன் அடிக்க, கடைசியில் வேறு வழியில்லாமல் நானே முதலில் நுழைகிறேன்.

அப்போதெல்லாம் பக்கத்து சீட்டில் தம்பியின் கை டாஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அவன் அதைக் கவனிப்பதில்லை.