ஹலீமாவுக்கு ஒதுக்கிய மக்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு, எங்கள் வீட்டில் வேலை செய்யும் ஹலீமாவின் மக்கில் நான் நஞ்சை ஊற்றி வைத்தேன். அவளைக் கொல்ல நினைத்தல்ல. ஆனால் ஊற்றியது நான்தான். இன்றோடு பன்னிரண்டு நாள். இதை இதுவரை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

நஞ்சு என்றால்... குளோரின் தூளைக் கரைத்த தண்ணீர். என் கணவர் முந்தல் ஊரில் ஓர் இறால் பண்ணையின் மேற்பார்வையாளர். குளத்து நீரில் கிருமி கொல்லப் போடும் அந்தத் தூளைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பண்ணைக்காரர் வீட்டுக் குசினிகளில் அது இருப்பது புதுமையல்ல. கோப்பைக் கறை அதைத் தவிர வேறு எதற்கும் மசிவதில்லை.

என்னிடம் ஆறு பீங்கான் கோப்பைகள் உள்ளன. வெள்ளை நிறம், விளிம்பில் மெல்லிய பொன் கோடு. எங்கள் உவர்த் தண்ணீர் அவற்றில் சாம்பல் நிறம் படிய வைக்கும். உள்ளே மயிரிழை வெடிப்புகளில் கோப்பி இறங்கிப் பழுப்பாக நிற்கும். உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தால் பொன் கோடும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் குளோரின்.

அன்று என் மகள் ரிஸ்னாவைப் பெண் பார்க்கச் சிலாபத்திலிருந்து நாலரை மணிக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. அவளுக்கு இருபத்தேழு வயது. போன வருடம் வந்தவர்களில் மாப்பிள்ளையின் மாமி, கோப்பையை உதட்டருகே கொண்டுபோய், உள்ளே ஒரு கணம் பார்த்து, அப்படியே சோசரில் வைத்துவிட்டாள். குடிக்காத கோப்பை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சம்பந்தம் அன்றே முடிந்தது. கறைதான் காரணம் என்று என் மனம் பிடித்துக்கொண்டது. அது உண்மையா? எனக்குத் தெரியாது. ஒரு வருடம் நான் அந்தக் கறையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி, மக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறது...

நீல எனாமல் மக். கைப்பிடி ஒரு பக்கம் கழன்றது. ஒன்பது வருடமாக ஹலீமா குடித்தது அதில்தான். இடம், பின் ஜன்னலின் வெளிவிளிம்பு. அவள் வருவதற்கு முன் நான் அதில் தண்ணீர் நிரப்பி ஒரு சிறு தட்டால் மூடி வைப்பேன். வேலை முடிந்ததும் அதிலேயே தேநீர். அவளே கழுவி அங்கேயே கவிழ்ப்பாள். எங்கள் கோப்பைகளோடு அது ஒருநாளும் சேர்ந்ததில்லை. ஏன் என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஒரே மார்க்கம், ஒரே கலிமா... ஆனாலும் அவள் வாய் வைத்ததில் என் பிள்ளை வாய் வைக்கக் கூடாது என்று நான் நினைத்தேன். அதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படிப்பிப்பவள் நான்!

அன்று தூளைக் கரைக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. ஜாம் போத்தல் இருந்தது. தயிர்ச் சட்டி இருந்தது. என் கை நேரே ஜன்னலுக்குப் போனது. அது கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று யோசித்தேனா? இல்லை. யோசிக்கவே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. என் மனத்தில் அது யாரும் குடிக்கிற பாத்திரமாகவே இருக்கவில்லை.

துணியில் தோய்த்து ஆறு கோப்பைகளையும் துடைத்தேன். கறை அப்படியே கரைந்து போனது. மூன்று தண்ணீரில் அலசித் துணியில் கவிழ்த்தேன். மிச்சம் தேவைப்படலாம் என்று மக்கை வழக்கமான இடத்தில் வைத்து, வழக்கம்போல் தட்டால் மூடிவிட்டு, முன் அறையில் மெத்தை உறை மாற்றப் போனேன். தூள் அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர்.

மூன்று மணிக்கு ஹலீமா வந்தாள். ஆலங்குடாவிலிருந்து பஸ்ஸில் வந்து, சந்தியிலிருந்து வெயிலில் நடந்து வந்தவள். எங்கள் குழாய்த் தண்ணீரிலும் குளோரின் மணம் உண்டு. அந்த மக்கில் இருப்பது தனக்கு வைத்தது என்பது ஒன்பது வருடப் பழக்கம். அண்ணாந்து ஊற்றியிருக்கிறாள்.

எனாமல் சீமெந்தில் விழும் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள். ஃபோனில் சொன்னதும், கடலுக்குப் போகாமல் அன்று வீட்டிலிருந்த அவள் கணவர் காதர் நானாவும் வந்து சேர்ந்தார். டொக்டர் சிங்களவர், தமிழில் கேட்டார்.

"இது எதில இருந்தது? யார் ஊத்தினது?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆம், அந்த நேரத்திலும் பார்த்தேன். மூன்றே முக்கால். பொலிஸ், வாக்குமூலம், சிலாபத்துக்காரர் காதுக்குப் போகும் கதை... எல்லாம் ஒரு நொடியில் ஓடின.

"டப்பாவில ஈந்திச்சு, டொக்டர். கோப்பை கழுவ அவவே கரைச்சு வச்சிருக்கா. மறந்துபோய்க் குடிச்சிட்டா."

காதர் நானா தலையில் அடித்துக்கொண்டார். "இவளுக்கு எப்பவும் அவசரம்தான். நீங்க கோவிச்சுக்காதீங்க, டீச்சர்."

நாலு இருபதுக்கு வீட்டில் இருந்தேன். "ஹலீமா ராத்தா எங்க, உம்மா?" என்று, அப்போதுதான் தையற்காரி வீட்டிலிருந்து திரும்பியிருந்த ரிஸ்னா கேட்டாள். காய்ச்சல் என்று அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். கோப்பி ஊற்றினேன். விளிம்புக்கு ஒரு விரல் கீழே, கைப்பிடி விருந்தாளியின் வலது பக்கம், மூத்தவருக்கு முதலில்... எதையும் நான் மறக்கவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா கோப்பைக்குள் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி ஈக்கி. எங்கட மூத்த மருமகளுக்கும் சொல்லிக் குடுங்க, டீச்சர். அவ வெளிப்பக்கம் மட்டும்தான் கழுவுறது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு கோப்பைகளும் வெறுமையாகத் திரும்பின. சம்பந்தம் உறுதியானது.

ஹலீமா உயிரோடு இருக்கிறாள். தொண்டை வெந்திருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய். குரல் வருமோ, எப்போது வருமோ, சொல்ல முடியாதாம். மூன்று தடவை போய்ப் பார்த்தேன். கையில் ஆப்பிள் பையோடு. என்னைப் பார்க்கிறாள், உதடுகள் அசைகின்றன. அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று நான் குனிந்து கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருப்பீர்களா? தெரியவில்லை... கேட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு காதர் நானா வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பொன் கோடு போட்ட கோப்பையில் கோப்பி கொடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ் வந்திச்சு, டீச்சர். அவவுக்குக் கதைக்க ஏலாதே, நான்தான் சொன்னன். நீங்க சொன்ன மாதிரியே, அவவே கரைச்சு வச்சுக் குடிச்சது எண்டு. எழுதினத வாசிக்கக்குள்ள அவ தலைய ஆட்டிக்கொண்டே ஈந்தா, இல்ல இல்ல எண்டு. பாவம், நோவு தாங்க ஏலாம ஆட்டுறா. நான் ஒப்பம் வச்சிட்டன். உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது."